ஆங்கிலம் வந்துவிடும், சீன எழுத்து நிற்குமா?

கேள்வி: சீனாவிலிருந்து அமெரிக்கா போய்க் குடியேறும் வீடுகளில் பிள்ளைகள் ஓரிரு வருடத்தில் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுகிறார்கள். ஆனால் சீனத்தில் எழுதப் படிக்க மறந்துபோகிறது. பெற்றோருக்கோ எத்தனை வருடமானாலும் ஆங்கிலம் தடுமாறுகிறது. ஏன் இப்படி? இரண்டையும் காப்பாற்ற வழி உண்டா?

உண்டு. ஆனால் பிள்ளைக்குச் செய்ய வேண்டியது வேறு, பெற்றோருக்குச் செய்ய வேண்டியது வேறு. பல வீடுகளில் இரண்டையும் தலைகீழாகச் செய்கிறார்கள். தானாக வரப்போகும் ஆங்கிலத்துக்காகப் பிள்ளையிடம் மாய்ந்து மாய்ந்து பேசுகிறார்கள். கவனிக்காவிட்டால் போய்விடும் சீன எழுத்தை வார இறுதிப் பள்ளியின் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

முதலில் பிள்ளையின் வயதைப் பார்க்க வேண்டும். நியூயார்க்கில் வந்திறங்கிய பத்துச் சீனப் பிள்ளைகளை மூன்று வருடம் தொடர்ந்து கவனித்து, கிசெலா ஜியாவும் டோரிஸ் ஆரன்சனும் 2003-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வரும்போது ஒன்பது வயதோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்கள், முதல் வருடத்திலேயே ஆங்கிலத்தை விரும்பிப் பேசும் மொழியாக்கிக்கொண்டார்கள். அதற்கு மேல் வயதானவர்கள் சீனத்தை விடவில்லை. பத்துப் பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் இந்த ஒன்பது வயதுக் கோட்டுக்கு ஒரு காரணம் சீனப் பள்ளிப் பாடத்திட்டத்திலேயே தெரிகிறது.

சீனாவில் இரண்டாம் வகுப்பு முடிக்கும்போது ஒரு பிள்ளை சுமார் 1,600 எழுத்துகளை அடையாளம் காண வேண்டும், அதில் 800-ஐக் கையால் எழுத வேண்டும். நான்காம் வகுப்பு முடிவில் 2,500 எழுத்துகளைத் தெரிந்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்பு முடிவில் 3,000 தெரிய வேண்டும், 2,500 எழுத வர வேண்டும். ஏழு வயதில் விமானம் ஏறும் பிள்ளையின் கையில் பேச்சு மட்டும் இருக்கிறது, வாசிப்பு இல்லை. பதினொரு வயதில் ஏறும் பிள்ளை கதைப் புத்தகத்தைத் தானே எடுத்துப் படிக்கும். தானே படிக்கக்கூடிய மொழியை யாரும் காவல் காக்க வேண்டியதில்லை.

தமிழோடு வைத்துப் பார்த்தால் சிக்கல் இன்னும் தெளிவாகப் புரியும். நம் 247 எழுத்துகளை ஒரு பிள்ளை ஒரு வருடத்தில் முடித்துவிட்டால், பொருள் புரியாவிட்டாலும் எந்தப் பலகையையும் வாய்விட்டுப் படித்துவிடும். படித்த ஒலி காதில் விழுந்ததும் பாதி பொருளும் புரியும். சீனத்தில் இந்தக் குறுக்குவழி கிடையாது. தெரியாத எழுத்து எதிர்ப்பட்டால், பேச்சில் நன்றாகத் தெரிந்த சொல்லாக இருந்தாலும் வாசிப்பு அங்கேயே நின்றுவிடும். அதிகம் புழங்கும் ஆயிரம் எழுத்துகள் தெரிந்தால் பக்கத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் படிக்கலாம் என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் பத்து எழுத்துக்கு ஒன்று தெரியாது என்றால், வரிக்கு இரண்டு முறை முட்டி நிற்க வேண்டும். 2,500 தெரிந்தால் 98 சதவீதத்தைத் தொடலாம். அதனால் ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் நடுவில் உள்ள காலம்தான் ஆபத்தானது. நிறையப் படித்தாயிற்று, ஆனால் படிப்பதில் சுகம் இன்னும் வரவில்லை என்ற நிலை அது. அமெரிக்காவில் வளரும் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள்.

எழுத்துகளைத் தனித்தனிப் படமாக மனப்பாடம் செய்ய வைப்பதும் கைவிடுவதற்கு ஒரு காரணம். சீன எழுத்துகளில் மிகப் பெரும்பான்மை இரண்டு உறுப்புகளால் ஆனவை. ஒன்று பொருளைச் சுட்டும், மற்றது ஒலியைச் சுட்டும். ‘ச்சிங்’ என்று ஒலிக்கும், இளம்பச்சை நிறத்தைக் குறிக்கும் எழுத்து ஒன்று உண்டு. அதன் இடப்பக்கம் மூன்று நீர்த்துளி போட்டால் ‘தெளிந்த’ என்று பொருள். சூரியனைப் போட்டால் மேகமில்லாத வானம். இதயக் குறி போட்டால் உணர்வு. பேச்சுக் குறி போட்டால் ‘தயவுசெய்து’. நான்கும் ‘ச்சிங்’தான், தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம், மட்டும் சிலவற்றில் மாறும். இந்த நான்கையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பிள்ளைக்கு எழுத்தின் இயக்கம் பிடிபடும். நான்கு வெவ்வேறு வாரங்களில் நான்கு தனி எழுத்தாகக் கொடுத்தால் நான்குமே மறந்துபோகும். ஒலி உறுப்பு எப்போதும் இவ்வளவு நேர்மையாக இருக்காது, பல எழுத்துகளில் ஒலி பெயர்ந்து போயிருக்கும். இருந்தாலும் ஊகிக்கும் பழக்கம் வந்தால் போதும், வேகம் கூடிவிடும்.

வார இறுதிச் சீனப் பள்ளியில் இரண்டு மூன்று மணி நேரம் கிடைக்கும். அதை மட்டும் நம்பினால் நடப்பது இதுதான்: வெள்ளி இரவு சொல்லெழுத்துத் தேர்வுக்கு உருப்போடுவது, சனியன்று எழுதிவிட்டு வருவது, செவ்வாய்க்குள் மறப்பது. பள்ளி வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடப் படிக்கும் பிள்ளைகள் அங்கே கிடைப்பார்கள், அதற்காகவே அனுப்பலாம். ஆனால் எழுத்து நிற்க வேண்டுமானால் வீட்டில் தினம் இருபது நிமிடம் வேண்டும். முதல் ஐந்து நிமிடம் பழைய எழுத்துகளின் அட்டைகள். அடுத்த ஐந்து நிமிடத்தில் ஐந்து புது எழுத்துகள், ஒவ்வொன்றும் ஒரு சொல்லுக்குள் வர வேண்டும், தனியாக அல்ல. மீதிப் பத்து நிமிடம் வாய்விட்டு வாசிப்பு, அதுவும் தெரிந்த எழுத்துகள் நிறைந்த எளிய கதை. வாரம் ஐந்து நாள், வருடம் நாற்பது வாரம் என்றால் ஆயிரம் எழுத்து கண்ணில் படும். அதில் பாதி நின்றாலே நான்கு வருடத்தில் இரண்டாயிரம். ஐந்து வயதில் தொடங்கினால் ஒன்பதுக்குள் அந்த ஆபத்தான கட்டத்தைத் தாண்டிவிடலாம். எட்டு வயதில் தொடங்கினால் வீட்டுப்பாடமும் நண்பர்களும் ஆங்கிலமும் சேர்ந்து அந்த இருபது நிமிடத்தைத் தின்றுவிடும்.

கையால் எழுதுவதில் நான் கறாராக இருக்கச் சொல்லமாட்டேன். சீனாவிலேயே படித்து வளர்ந்தவர்களுக்கும், போனில் தட்டித் தட்டிப் பழகியதால், பேனா எடுத்ததும் எழுத்து மறந்துபோகிறது. அதற்கென்று அவர்களிடம் ஒரு வழக்குச்சொல்லே இருக்கிறது. கையால் ஒரு முந்நூறு நானூறு எழுத்து வந்தால் போதும். பெயர், முகவரி, உறவுகள், எண்கள், கிழமைகள், அடிப்படை உறுப்புகள் எல்லாம் அதில் அடங்கும். கோடு போடும் வரிசை மட்டும் ஒழுங்காக வர வேண்டும். ஏனென்றால் நுணுக்கமான வித்தியாசங்கள் கையில்தான் பதியும். இரண்டு குறுக்குக் கோடுகளில் மேல்கோடு குட்டையாக இருந்தால் ‘இன்னும் இல்லை’, மேல்கோடு நீளமாக இருந்தால் ‘கடைசி’. எழுதிப் பார்க்காத கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மற்றதெல்லாம் தட்டச்சு. அமெரிக்கக் கல்லூரி வாரியம் 2007-ல் தொடங்கிய மேல்நிலைச் சீனத் தேர்விலும் கணினியில் தட்டித்தான் எழுத வேண்டும். பின்யினிலோ தைவான் முறையிலோ அடிக்கலாம்.

பின்யின் என்பது 1958-ல் சீனா ஏற்றுக்கொண்ட ரோமன் எழுத்து முறை. இதை எப்போது கற்றுத்தருவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதே வாரத்தில் பின்யினையும் கொடுத்தால் இரண்டும் குழம்பும். ஆங்கிலத்தில் ‘ஹீ’ என்று படிக்கும் அதே இரண்டு எழுத்துகளைப் பின்யினில் ‘ஹ’ போல நீட்டிச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ‘விமென்’ என்று படிக்கும் ஐந்து எழுத்துகள் பின்யினில் ‘வோமென்’, அதாவது ‘நாங்கள்’. ‘சி’ என்ற எழுத்துக்கு ‘ட்ஸ்’ ஒலி, ‘கியூ’வுக்கு ‘ச்ச’, ‘எக்ஸ்’-க்கு ‘ஷ’ போன்ற ஒன்று. அதனால் முதலில் ஐந்நூறு எழுத்துகளை நேரடியாகக் கண்ணால் பழக்கிவிட்டு, ஆங்கில வாசிப்பு கெட்டிப்பட்டபின், ஏழு எட்டு வயதில் பின்யினைக் கொடுப்பது நல்லது. தைவான் குடும்பங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களின் போபொமோஃபோ முறையில் 37 குறிகள் தனி வடிவத்தில் இருப்பதால் ஆங்கிலத்தோடு மோதுவதில்லை. சீக்கிரமே பின்யின் கொடுப்பதில் இன்னொரு தீங்கும் உண்டு. எழுத்தின் மேலே பின்யின் அச்சிட்ட புத்தகமாக இருந்தால் பிள்ளை பின்யினை மட்டுமே படிக்கும், கீழே உள்ள எழுத்தைப் பார்க்கவே பார்க்காது.

எளிய எழுத்தா பழைய எழுத்தா என்று சண்டை போட வேண்டியதில்லை. தாத்தா பாட்டி எதைப் படிக்கிறார்களோ அதை எடுத்துக்கொள்ளலாம். சீனப் பெருநிலத்துக்காரர்கள் 1956 முதல் சுருக்கப்பட்ட எளிய வடிவத்தை எழுதுகிறார்கள். தைவானிலும் ஹாங்காங்கிலும் பழைய வடிவம். ஒன்றில் சரளம் வந்துவிட்டால் மற்றதைப் படிக்கப் பழகச் சில மாதங்கள் போதும். ஒரே நேரத்தில் இரண்டையும் தொடங்குவதுதான் தவறு.

வீட்டில் பேசுவது கான்டனீஸ், தைஷான், ஃபூச்சோ என்று வேறு சீன வட்டார மொழியாக இருந்தால் பிள்ளைக்கு உண்மையில் மூன்று மொழி. பள்ளியில் சொல்லித்தரும் சீனம் மாண்டரின். கான்டனீஸில் ‘அவன்’ என்பதற்குப் பேச்சில் வரும் சொல்லும், புத்தகத்தில் அச்சாகும் எழுத்தும் வேறு வேறு. மாண்டரினுக்காக வீட்டு மொழியை நிறுத்திவிடும் பெற்றோர்கள் உண்டு. இது பெரிய இழப்பு. பாட்டிக்கு மாண்டரின் சரியாக வராது, பேரனுக்கு அவள் மொழி வராது, இருவரும் ஒரே வீட்டில் கையசைத்துப் பேசிக்கொள்வார்கள். பேச்சுக்கு வீட்டு மொழி, வாசிப்புக்கு மாண்டரின் என்று பிரித்துக்கொள்ளலாம். கான்டனீஸ் தெரிந்த பிள்ளைக்கு மாண்டரின் எழுத்து வேகமாகவே ஏறும்.

இனி, பேச்சு. பெற்றோர் தங்களுக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தை வீட்டில் பேசினால் பிள்ளைக்கு உதவும் என்பது தவறான எண்ணம். ஆங்கிலத்தைப் பள்ளியும் நண்பர்களும் பார்த்துக்கொள்வார்கள். நாள் முழுக்கத் தாய்மொழியில் விளக்கம், கதை, கணக்கு, வாக்குவாதம் எல்லாம் கேட்டு வளர்வது பள்ளிப் படிப்புக்கும் பலம். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னால் திட்டக் கூடாது. அதே பதிலைச் சீனத்தில் ஒருமுறை சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர வேண்டும். இடையில் ‘ஹோம்வொர்க்’ மாதிரி ஆங்கிலச் சொல் வந்தால் பாதகமில்லை, வாக்கியம் சீனமாக இருந்தால் சரி. கூர்ந்து பார்க்க வேண்டியது அளவைச் சொற்களை. சீனத்தில் எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவே பொருளின் வடிவத்துக்கேற்ற ஒரு சொல் வர வேண்டும். மீனுக்கு ஒன்று, மேசைக்கு ஒன்று, பூனைக்கு ஒன்று. பிள்ளை எல்லாவற்றுக்கும் ‘கெ’ என்ற பொதுச்சொல்லையே போடத் தொடங்கினால் பேச்சு மெலிகிறது என்று பொருள். உறவுப்பெயர்களும் அப்படியே. பெரியப்பா, சித்தப்பா, மாமாவுக்கு நம்மிடம் இருப்பது போலவே அவர்களிடமும் தனித்தனிச் சொல் உண்டு. ஊருக்கு வீடியோவில் பேசும்போது பெயர் சொல்லி அழைக்காமல் உறவு சொல்லி அழைக்கச் சொல்வது எளிய, நல்ல பயிற்சி.

பிள்ளையின் ஆங்கிலத்தில் ஒரே ஒரு கவலைதான் நியாயமானது. விளையாட்டு மைதான ஆங்கிலம் சுமார் இரண்டு வருடத்தில் வந்துவிடும். பாடப்புத்தக ஆங்கிலத்துக்கு ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும் என்பதைக் கனடா ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் நெடுநாள் முன்பே எடுத்துக்காட்டினார். பேச்சைக் கேட்டு ஏமாந்து உதவியை நிறுத்திவிடக் கூடாது. பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழி என்ன என்று ஒரு படிவம் கேட்கும். தாழ்வாக நினைப்பார்களோ என்று பயந்து ஆங்கிலம் என்று எழுதிவிடும் பெற்றோர்கள் இருக்கிறார்கள். அப்படி எழுதினால் ஆங்கிலத் துணை வகுப்புக்கான மதிப்பீடே நடக்காமல் போகலாம். இந்த உதவி இரக்கத்தில் வந்ததில்லை. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சுமார் 1,800 சீன மாணவர்களுக்கு எந்தத் துணை வகுப்பும் இல்லை என்று தொடரப்பட்ட லாவ் வழக்கில், 1974-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் கொடுத்தாலும், மொழி புரியாத பிள்ளைக்கு அது சம வாய்ப்பு ஆகாது என்பதுதான் அதன் சாரம்.

பெற்றோருக்கு வருவோம். சீனாவில் பத்து வருடம் ஆங்கிலம் படித்தவர்கள் பலருக்குப் படிக்க வரும், காதில் பிடிபடாது. சொற்களைக் கண்ணால் மட்டும் கற்றதுதான் காரணம். இரண்டு மூன்று நிமிட ஒலிப்பதிவு ஒன்றை எழுத்து வடிவத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பார்க்காமல் கேட்டு, காதில் விழுந்ததை வரி வரியாக எழுத வேண்டும். பிறகு ஒப்பிட்டு, விட்டுப்போன சொற்களை வட்டமிட வேண்டும். தெரியாத சொல் கொஞ்சம்தான் இருக்கும். தெரிந்த சொல்லே சேர்ந்து ஒலித்ததால் பிடிபடாமல் போனது நிறைய இருக்கும். அந்த வரிகளை மட்டும் கூடவே சொல்லிப் பழக வேண்டும். ஒரு பதிவை ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம், தினம் புதிது தேட வேண்டாம்.

அடுத்தது சொல்லின் கடைசி ஒலி. மாண்டரினில் ஓர் அசை உயிரிலோ ‘ன்’, ‘ங்’ ஒலியிலோ முடியும், வடக்கே ‘ர்’ வரும். வேறு முடிவே கிடையாது. அதனால் ‘வொர்க்ஸ்’ என்பது ‘வொர்க்’ ஆகும், ‘லிவ்ட்’ என்பது ‘லிவ்’ ஆகும். கேட்பவர் இவருக்குக் காலமும் பன்மையும் தெரியாது என்று நினைப்பார். இலக்கணப் புத்தகத்தை மறுபடி மறுபடி படித்தும் சரியாகாததற்குக் காரணம், பிழை பாதிக்குப் பாதி நாக்கில் இருப்பதுதான். கடைசி மெய்யை அடுத்த சொல்லின் தலையில் ஒட்டிவிடுவது நல்ல தந்திரம். ‘லிவ்ட் இன்’ என்பதை ‘லிவ்-டின்’ என்று சொல்லலாம். அசையின் தொடக்கத்தில் ‘ட’ ஒலி சொல்ல மாண்டரின் நாக்குக்கு எந்தச் சிரமமும் இல்லை. கான்டனீஸ்காரர்களுக்குச் சொல் இறுதியில் க், ட், ப் வரும், ஆனால் காற்றை வெளியே விடாமல் அமுக்கிவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்த ஒலியை விடுவிக்கும் பழக்கம்.

அவன், அவள் இரண்டுக்கும் பேச்சில் ‘தா’ என்ற ஒரே ஒலி என்பதால், நல்ல ஆங்கிலம் பேசுபவர்கள்கூட மனைவியை ‘ஹீ’ என்று சொல்லிவிடுவார்கள். இது அறியாமை இல்லை, பேசும் அவசரத்தில் தேர்வு செய்யும் பழக்கம் இல்லாததுதான். எதிர்மறைக் கேள்வியில் இன்னும் பெரிய சிக்கல். “மருந்து சாப்பிடலையா?” என்று கேட்டால் நாம் “ஆமா, சாப்பிடல” என்போம். சீனரும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ‘யெஸ்’ என்று சொன்னால் சாப்பிட்டதாகப் போய்விடும். மருத்துவரிடமும் குடிவரவு அதிகாரியிடமும் வெறும் ‘யெஸ்’, ‘நோ’வோடு நிற்காமல் முழு வாக்கியமாகச் சொல்வது பாதுகாப்பு.

எண்களில் பணமே போய்விடும். சீனத்தில் நான்கு இலக்கத்துக்கு ஒருமுறை அலகு மாறும். பத்தாயிரம் ஒரு ‘வான்’, பத்துக் கோடி ஒரு ‘யீ’. வீட்டு விலை மூன்றரை லட்சம் டாலர் என்பது 35 வான். இதை ஆங்கிலத்தில் சொல்லும்போது ஒரு சுழி கூடும் அல்லது குறையும். லட்சம், கோடியில் பழகிய நமக்கும் மில்லியனில் இதே தடுமாற்றம் உண்டு. ஒரு மில்லியன் நூறு வான், ஒரு பில்லியன் பத்து யீ என்ற இரண்டை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு, பெரிய தொகையை எப்போதும் இலக்கத்தில் எழுதிக் காட்டிவிடுவது நல்லது.

பெயரில் வரும் பிழைகள் வருடக்கணக்கில் துரத்தும். இரண்டு எழுத்துப் பெயரை இடைவெளி விட்டு எழுதினால் அமெரிக்கப் படிவம் இரண்டாவதை நடுப்பெயராக்கி, சில அட்டைகளில் விட்டுவிடும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி சேர்த்தே எழுத வேண்டும். ‘லூ’ என்ற குடும்பப்பெயர் சிக்கலானது. புள்ளி வைத்த ‘யூ’ ரோமனில் இல்லாததால் முன்பு ‘எல்-வி’ என்றும் இப்போது ‘எல்-ஒய்-யூ’ என்றும் பாஸ்போர்ட்டில் வருகிறது. புதுப்பிக்கும்போது எழுத்து மாறினால், பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கி எறியாமல் இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டும்.

பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்குவதற்கும் எல்லை வேண்டும். மின்கட்டண ரசீதைப் படித்துச் சொல்லட்டும், தவறில்லை. மருத்துவமனைக்கு மட்டும் வேண்டாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கட்டி, கருச்சிதைவு போன்ற சொற்கள் இரண்டு மொழியிலும் தெரியாது. தெரிந்தாலும் அம்மாவிடம் அதைச் சொல்லும் சுமை அதன் தலையில் விழக் கூடாது. கூட்டரசு நிதி பெறும் மருத்துவமனைகள் இலவசமாக மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும், அவசர நிலை தவிர சிறுவர்களை நம்பக் கூடாது என்பது சட்டம். நேரம் குறிக்கும்போதே கேட்டு, மாண்டரினா கான்டனீஸா என்றும் சொல்லிவிட வேண்டும். ‘சைனீஸ்’ என்று மட்டும் சொன்னால் தப்பான ஆள் வந்து சேர்வார்.

முதியவர்கள் குடியுரிமைக்காக ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுவதற்கு முன் வயதைப் பார்க்க வேண்டும். 50 வயதாகி, நிரந்தரக் குடியிருப்பு உரிமையோடு 20 வருடம் வாழ்ந்தவருக்கும், 55 வயதாகி 15 வருடம் வாழ்ந்தவருக்கும் ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. குடிமையியல் கேள்விகளைத் தங்கள் மொழியிலேயே எழுதாமல் வாயால் சொல்லலாம். மொழிபெயர்ப்பாளரைக் கூட அழைத்துப் போக வேண்டும், அவர் அந்த வட்டார மொழியை நன்றாகப் பேசுபவரா என்று முன்கூட்டியே பேசிப் பார்த்துக்கொள்ள வேண்டும். 65 வயதும் 20 வருடமும் ஆனவர்களுக்குப் படிக்க வேண்டிய கேள்விகள் 20 மட்டுமே.